போட்டோ என்று நினைத்த போர்வை: பழைய அமெரிக்கக் கைவினைப் பொருட்களை வரைந்து வைத்த ஓவியர்கள் யார்?

நூல்கண்டு:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக வாட்டர்கலர் கற்றுக்கொண்டிருக்கிறேன், மின்னசோட்டாவில் இருக்கிறேன். போன வாரம் நூலகத்தில் ஒரு பழைய படப் புத்தகத்தைப் புரட்டும்போது ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ கண்ணில் பட்டது. ஓர் ஓவியர் ஒரு பழைய நெசவுப் போர்வையைப் பார்த்து அப்படியே ஓவியமாக நகலெடுத்துக்கொண்டிருக்கிறார். கீழே மேக்னஸ் ஃபாஸம் என்று பெயர், போர்வை 1770ஆம் வருடத்தது, அதன் நெசவு வடிவத்துக்கு 'பாஸ்டன் டவுன்' என்று பெயர், படம் எடுத்தது ஃபுளோரிடாவின் கோரல் கேபிள்ஸில், பிப்ரவரி 1940 என்று போட்டிருந்தது.

அடுத்தடுத்த பக்கங்களில் போர்வைகள், தகரக் காப்பிப் பாத்திரம், மரப் பொம்மை, கூரை மேல் வைக்கும் காற்றுத்திசைகாட்டிச் சேவல் என்று படங்கள். எல்லாமே போட்டோ என்றுதான் நினைத்தேன். அடியில் சின்ன எழுத்தில் வாட்டர்கலர் என்று இருந்ததைப் பார்த்ததும் மறுபடி முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன், நம்ப முடியவில்லை, அந்தத் தகரத்தில் இருந்த துருவைக்கூடத் தூரிகையால் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு மூன்று கேள்விகள். இவர்கள் யார், யாருக்காக வரைந்தார்கள்? காமிரா இருந்த காலத்தில் ஏன் உட்கார்ந்து வரைய வேண்டும்? மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். நான் சேர்ந்திருக்கும் ஓவிய வகுப்பில் பொருட்களை நுணுக்கமாகப் பார்த்து வரைவதைத்தான் விரும்பிச் செய்கிறேன், ஆனால் "இது நகல், கலை இல்லை, உன் மனதில் இருப்பதைப் போடு" என்றே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இவர்களை என்னவென்று சொல்வது, ஓவியர்கள் என்றா, நகல் எடுப்பவர்கள் என்றா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழையபெட்டி:

நல்ல கேள்வி, எனக்கு மிகவும் பிடித்த விஷயமும்கூட. நீங்கள் பார்த்தது 'இன்டெக்ஸ் ஆஃப் அமெரிக்கன் டிசைன்' (அமெரிக்க வடிவங்களின் அட்டவணை) என்ற தொகுப்பின் படங்கள். 1935இலிருந்து 1942 வரை நடந்த வேலை. மொத்தம் 18,000க்கும் மேற்பட்ட வாட்டர்கலர் படங்கள், இப்போது வாஷிங்டனில் உள்ள நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட்டில் இருக்கின்றன, 1943இல் அங்கே போய்ச் சேர்ந்தன.

யாருக்காக என்றால் அரசாங்கத்துக்காக. 1929இல் பங்குச்சந்தை சரிந்த பிறகு வந்த பெருமந்தத்தில் கோடிக்கணக்கான பேருக்கு வேலை போனது, அதில் ஓவியர்களும் உண்டு. ரூஸ்வெல்ட் அரசு டபிள்யூ.பி.ஏ. என்ற அமைப்பை வைத்து சாலை போடுவது, பாலம் கட்டுவது போன்ற வேலைகளைக் கொடுத்தபோது, கலைஞர்களுக்கும் அவர்கள் தொழிலிலேயே வேலை கொடுக்க ஃபெடரல் ஆர்ட் ப்ராஜெக்ட் என்று ஒன்றை 1935இல் தொடங்கியது. ஹோல்கர் காஹில் என்பவர் அதன் தலைவர். நிறைய பேருக்கு இந்தத் திட்டம் என்றால் தபால் நிலையச் சுவரோவியங்கள்தான் ஞாபகம் வரும் (அவற்றில் பெரும்பாலானவை உண்மையில் கருவூலத் துறையின் வேறொரு திட்டத்தில் வந்தவை), இந்தப் போர்வைகளும் பாத்திரங்களும் ஞாபகம் வருவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

யோசனை பிறந்த இடம் ஒரு நூலகம். நியூயார்க் பொது நூலகத்தின் படத் தொகுப்புப் பிரிவை நடத்தியவர் ரொமானா ஜாவிட்ஸ். அங்கே துணி வடிவமைப்பாளர்கள், மேடை அமைப்பவர்கள், விளம்பரம் வரைபவர்கள் எல்லோரும் படம் தேடி வருவார்கள். ஐரோப்பிய நாடுகளின் பாரம்பரிய வடிவங்கள் வேண்டும் என்றால் எடுத்துக் கொடுக்க அச்சிட்ட தொகுப்புகள் இருந்தன. அமெரிக்கச் சாமான்கள், அமெரிக்க வடிவங்கள் என்று கேட்டால் கொடுக்க அப்படி ஒன்றும் இல்லை. தன் மேசைக்கு வந்து கேட்டுவிட்டுப் போனவர்களை வைத்தே இந்தக் குறையை அவர் கண்டுபிடித்தார். துணி வடிவமைப்பாளரான ரூத் ரீவ்ஸும் அவரும் சேர்ந்துதான் இதை முன்வைத்தார்கள். வேலை இல்லாத ஓவியர்களுக்குச் சம்பளம், நாட்டுக்கு ஒரு படக் களஞ்சியம். ரீவ்ஸே இதன் முதல் தேசிய மேற்பார்வையாளர்.

அதன் பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஓவியர்கள் அருங்காட்சியகங்களிலும், தனியார் வீடுகளிலும், சேகரிப்பாளர்களிடமும் போய் உட்கார்ந்து வரைந்தார்கள். காலனியக் காலத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டின் கடைசி வரை சாதாரண மக்கள் செய்து பயன்படுத்திய பொருட்கள்தான் இலக்கு. பென்சில்வேனியா ஜெர்மானியர்களின் பூப்போட்ட கல்யாணப் பெட்டி, மாசசூசெட்ஸ் கப்பல்களின் முகப்பில் நிற்கும் மரச் சிலை, நியூ மெக்சிகோவின் மரத்தில் செதுக்கிய புனிதர் உருவங்கள், மேற்கே போனால் குதிரைச் சேணம், சுருட்டுக்கடை வாசலில் நின்ற பொம்மை, ரங்கராட்டினக் குதிரை. ஒவ்வொரு படத்துடனும் ஒரு தகவல் தாளும் எழுதினார்கள், செய்தவர் தெரிந்தால் அவர் பெயர், பொருளின் வயது, அளவு, யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

சம்பளம் நியூயார்க்கில் வாரத்துக்கு ஏறத்தாழ 24 டாலர். அந்தப் பணத்தில் வாடகை கட்டிக்கொண்டு, ஒரு படத்துக்கு வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள்.

---

ஈரத்தூரிகை:

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன், இருபது வருடமாக வாட்டர்கலர் வரைகிறேன்.

முதலில் கலர் போட்டோ அப்போது எந்த நிலையில் இருந்தது என்று பார்க்க வேண்டும். கோடாக்ரோம் ஃபிலிம் வந்ததே 1935இல்தான், அதுவும் முதலில் சினிமாப் படச்சுருளாக. விலை அதிகம், நிறம் எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கு உறுதி கிடையாது. கறுப்பு வெள்ளை போட்டோவும் அவர்கள் எடுத்தார்கள், துணைக்கு. ஆனால் அவுரி நீலம் எந்த நீலம் என்று கறுப்பு வெள்ளையில் யாருக்கும் காட்ட முடியாது.

இது ஒரு பாதிதான். மறு பாதி எனக்குப் பெரிதாகப் படுகிறது. வெள்ளி, தகரம், கண்ணாடி இவற்றைப் படம் எடுத்துப் பாருங்கள், ஜன்னல் தெரியும், எடுப்பவர் தெரிவார், ஒரு இடம் வெளிறிப்போய் இன்னொரு இடம் இருட்டாக விழும். ஓவியர் இதையெல்லாம் விலக்கிவிட்டு அந்தப் பாத்திரத்துக்குச் சொந்தமான ஒளியை மட்டும் வைப்பார். பொருள் நடுவில், பின்னால் வெறும் தாள், ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம், அடியில் லேசான நிழல். ஒருவர் நியூயார்க்கிலும் இன்னொருவர் கென்டக்கியிலும் வரைந்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே கை வரைந்தது போல் இருப்பதற்கு இதுதான் காரணம். எல்லோருக்கும் ஒரே மாதிரி விதிமுறை கொடுத்திருந்தார்கள்.

வரையும் முறையில் எனக்கு வியப்பான ஒரு தொடர்பு உண்டு. மாசசூசெட்ஸில் இந்த ஓவியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் சூசன் சாப்மன், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் எகிப்தியப் பிரிவில் வேலை பார்த்தவர். எகிப்தியக் கல்லறைச் சுவர்களில் உள்ள சிற்பங்களை எட்டி நின்று பார்த்தால் கல்லே என்று நினைக்கும்படி வரையும் ஒரு வழி ஜோசப் லிண்டன் ஸ்மித் என்ற ஓவியரிடமிருந்து வந்தது. அந்த வழிதான் நியூ இங்கிலாந்தின் கப்பல் சிலைகளுக்கும் பெட்டிகளுக்கும் வந்து சேர்ந்தது. எலிசபெத் மூதால் என்பவர் வரைந்த மரச் சிலைகளைத் தேடிப் பாருங்கள், உளி போன திசை தெரியும், பெயின்ட் உரிந்த இடத்தில் உள்ளே இருக்கும் மரத்தின் வரி தெரியும்.

செய்முறை இதுதான். பென்சிலில் அளவு தவறாமல் மெல்லிய கோடு. அதன் மேல் நீர் அதிகம், நிறம் குறைவு என்று மிகமிக மெல்லிய பூச்சு, காய்ந்த பிறகு இன்னொன்று, அதற்கு மேல் இன்னொன்று. அவசரப்பட்டால் கீழே இருக்கும் பூச்சு கலங்கிவிடும். துணியாக இருந்தால் எப்போதும் முழுவதையும் போட மாட்டார்கள், வடிவம் திரும்பத் திரும்ப வருவதால் ஒரு பகுதியை மட்டும் எடுத்து இழை இழையாகப் போடுவார்கள். நான் ஒரு தடவை சோதித்துப் பார்க்க என் பாட்டியின் சுங்கடிச் சேலையில் ஒரு உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் இந்த முறையில் வரைந்தேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. இரண்டாவது ஞாயிறில்தான் ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் நூல் கட்டிய இடத்தில் துணி ஒரு பொடி சுருக்கம் சுருங்கியிருப்பதையே பார்த்தேன். அந்தச் சேலையைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், அதுவரை எனக்கு அது தெரியவில்லை.

அதனால் உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. அவர்கள் ஓவியர்கள்தான். எதைப் பார்க்க வேண்டும், எதை விட வேண்டும் என்று ஒவ்வொரு பூச்சிலும் முடிவெடுத்தார்கள்.

---

தறிக்குழி:

போர்வை பற்றி மட்டும் ஒரு நெசவுக்காரக் குடும்பத்துப் பையனாகச் சொல்கிறேன். நான் பார்த்தவரை அந்தக் காலத்து அமெரிக்கப் போர்வைகளில் நிறைய 'ஓவர்ஷாட்' என்ற வகை. பாவும் (நீளவாக்கில் ஓடும் நூல்) அடி ஊடையும் (குறுக்கே ஓடும் நூல்) பருத்தி அல்லது லினன். அதன் மேல் வடிவத்துக்கென்று கம்பளி நூலைக் கூடுதல் ஊடையாக ஓட்டுவார்கள், அது இழைகளைத் தாண்டித் தாண்டி மேலே மிதந்து வரும், அதனால்தான் ஓவியத்தில்கூட நீலமோ சிவப்போ தூக்கலாகத் தெரிகிறது. தறி அகலம் குறைவு, ஆகவே இரண்டு துண்டாக நெய்து நடுவில் தைப்பார்கள். அப்படித் தைக்கும்போது வடிவம் ஒன்றோடு ஒன்று சேர வேண்டும், இரண்டாவது துண்டில் அடிக்கும் வேகம் கொஞ்சம் மாறினாலும் சேராது. அக்கா, நீங்கள் பார்த்த புத்தகத்தில் எந்தப் போர்வையிலாவது நடுத் தையல் தெரிகிறதா என்று பாருங்கள். அதில் வடிவம் சற்று விலகியிருந்தால், ஓவியர் அந்த விலகலையும் அப்படியே வைத்திருந்தால், அவர் எவ்வளவு நேர்மையாக உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று. 1820களுக்குப் பிறகு, துளையிட்ட அட்டைகளை வைத்து வடிவம் நெய்யும் ஜக்கார்டு தறியில் நெய்த தொழில்முறை நெசவாளர்கள் போர்வையின் மூலையிலேயே தங்கள் பெயரையும் ஊரையும் வருடத்தையும் நெய்துவிடுவார்கள். வீட்டில் பெண்கள் நெய்ததில் அது கிடையாது. வடிவத்துக்கு ஒரு பெயர் இருக்கும், நெய்தவளுக்கு இருக்காது.

---

மலைச்சரிவு:

எல்லோரும் நன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் தொகுப்பில் என்ன இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் நூல்கண்டு 'அமெரிக்கக் கைவினை எல்லாம் இதில் இருக்கிறது' என்று நினைத்துவிடுவார்.

அமெரிக்கப் பூர்வகுடிகளின் கைவினை இதில் சேர்க்கப்படவில்லை. மானுடவியலாளர்கள் ஏற்கெனவே அதைப் பதிவு செய்கிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். காரணம் எதுவாக இருந்தாலும் நவாஹோ நெசவும் பியூப்ளோ மண்பாண்டமும் இல்லாமல் 'அமெரிக்க வடிவங்கள்' என்று பெயர் வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. தென் மாநிலங்களில் அடிமைப்பட்டிருந்த தச்சர்களும் கொல்லர்களும் தையல்காரிகளும் செய்தவை ஏராளம், அவர்களுக்கு இதில் கிடைத்த இடம் மிகச் சிறியது. எதை வரைவது என்பது பெரும்பாலும் அருங்காட்சியகத்திலும் வசதியான சேகரிப்பாளர் வீட்டிலும் எது இருந்ததோ அதைப் பொறுத்துப் போனது. கட்டடங்களும் இல்லை, அதற்குத் தனித் திட்டம் இருந்தது.

நியூ மெக்சிகோ ஸ்பானியக் கைவினை சேர்க்கப்பட்டது பெரிய நல்ல காரியம். ஈ. பாய்ட் என்ற ஓவியர் அங்கே சிற்றூர்க் கோயில்களின் பலிபீடங்களையும் பலகையில் வரைந்த புனிதர்களையும் வரைந்தார், அவர் வேலையிலிருந்து 1938இல் 50 படங்கள் கொண்ட ஒரு தொகுப்பும் வந்தது. வரைந்து வரைந்து அந்தத் துறையிலேயே ஊறிப்போய், பிற்காலத்தில் சாண்டா ஃபேயில் ஸ்பானியக் காலனியக் கலைக்கான காப்பாளராகவே ஆனார்.

இன்னொரு பெயர் ஷேக்கர்கள். மணம் செய்யாமல் கூட்டாக வாழ்ந்த கிறிஸ்தவச் சமூகம், 1930களிலேயே சிலரே மீதி இருந்தார்கள். அவர்களின் அலங்காரமில்லாத நாற்காலி, சுவரில் மாட்டும் முளைவரிசை, நீள்வட்ட மரப்பெட்டி எல்லாம் இந்தத் தொகுப்பில் உண்டு. அந்தப் பெட்டிக்கு மேப்பிள் பட்டையை ஆவியில் இளக்கி வளைத்து, செம்பு ஆணி அடிப்பார்கள். செம்பு துருப்பிடித்து மரத்தைக் கறையாக்காது. ஓவியத்தில் அந்த ஆணித் தலைகளை எண்ணிவிடலாம்.

---

பழையபெட்டி:

மலைச்சரிவு சொன்னதை முழுக்க ஏற்கிறேன். நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

ரூத் ரீவ்ஸ் பற்றி இன்னும் கொஞ்சம். இவர் கலிபோர்னியாவில் 1892இல் பிறந்தவர். 1920களில் பாரிஸில் ஃபெர்னான்ட் லெஜே என்ற நவீன ஓவியரிடம் படித்தார், திரும்பி வந்து நவீன பாணியில் துணி வடிவமைத்துப் பெயர் வாங்கினார், நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலுக்கு 1932இல் கம்பளமும் சுவர்த்துணியும் வடிவமைத்தவர். அதாவது பழமையில் ஒட்டிக்கொண்டிருந்த ஆள் இல்லை. 1934இல் குவாத்தமாலாவுக்குப் போய் அங்கே பெண்கள் நெய்வதைப் பார்த்து வந்தார், அந்தப் பயணத்துக்கு அடுத்த வருடம்தான் இந்த இன்டெக்ஸ் யோசனை. புதியது செய்பவர்கள்தான் பழையதைத் தேடி அதிகம் வருகிறார்கள் என்பதை ஜாவிட்ஸ் தன் மேசையிலிருந்தே பார்த்திருந்தார், ரீவ்ஸ் அப்படி வந்தவர்களில் ஒருவர்.

நம் ஆட்கள் அதிகம் பேசாத ஒரு பகுதியும் உண்டு. 1956இல் அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் இந்தியாவுக்கு வந்தார், வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. அகில இந்தியக் கைவினை வாரியத்துடன் வேலை செய்தார். மெழுகு வார்ப்பு பற்றி அவர் எழுதிய புத்தகம் 1962இல் வெளியானது. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது, நம் சுவாமிமலை ஸ்தபதிகள் செய்வதும் இந்த முறைதான். 1966இல் டெல்லியிலேயே இறந்தார். நாற்பது வயதுக்கு மேல் ஒரு நாட்டின் கைவினையைத் தொகுக்க ஆரம்பித்து, அறுபதைத் தாண்டிய பிறகு இன்னொரு நாட்டுக்கு வந்து அதே வேலையில் உட்கார்ந்த இந்தப் பெண்மணியைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல கட்டுரை வர வேண்டும் என்பது என் ஆசை.

நூல்கண்டு, உங்கள் வகுப்பில் 'மனதில் இருப்பதைப் போடு' என்கிறார்களே, அதற்கும் இந்தத் தொகுப்பிலேயே ஆள் இருக்கிறார். பெர்கின்ஸ் ஹார்ன்லி, நெப்ராஸ்காக்காரர். ஒற்றைப் பொருளை வெள்ளைத் தாளில் வைப்பதற்குப் பதிலாக விக்டோரியன் காலத்து அறைகளையே திரை, விளக்கு, நாற்காலி என்று நிரப்பிக் கற்பனையும் சேர்த்து வரைந்தார். அதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

---

நூல்கண்டு:

இவ்வளவு பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தறிக்குழி தம்பி, புத்தகத்தை மறுபடி எடுத்து வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு போர்வையில் நடுத் தையல் இருக்கிறது, வடிவம் ஒரு கட்டத்தில் அரை விரல் அளவுக்கு விலகி, கீழே வர வர மறுபடி சேர்கிறது. அதைப் பார்த்ததும் அந்த நெய்த அம்மாவையும் வரைந்தவரையும் சேர்த்தே பார்த்த மாதிரி இருந்தது.

இந்தப் படங்களை நாம் பயன்படுத்தலாமா? இங்கே குழந்தைகளுக்கு எம்பிராய்டரி சொல்லிக்கொடுக்கும் தோழி ஒருவர் கேட்கிறார். நேரில் பார்க்கவும் ஆசை, வாஷிங்டன் போனால் சுவரில் மாட்டியிருப்பார்களா?

அம்மா ஊரிலிருந்து அனுப்பிய பித்தளைச் சொம்பு ஒன்றை இந்த முறையில் வரைய ஆரம்பித்திருக்கிறேன். மூன்று நாளாகப் பூச்சு மேல் பூச்சு போடுகிறேன், நிறம் வந்துவிட்டது, ஆனால் பளபளப்பு வரவில்லை, மண்சட்டி மாதிரி இருக்கிறது. வெள்ளை பெயின்ட் வைத்துப் பார்த்தேன், ஒட்டவைத்த மாதிரி தெரிகிறது.

---

பழையபெட்டி:

தாராளமாகப் பயன்படுத்தலாம். நேஷனல் கேலரி இந்தப் படங்களைப் பெரிய அளவிலேயே தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, தரவிறக்கித் துணியில் அச்சிடலாம், விற்கக்கூடச் செய்யலாம். தேடும்போது தொகுப்பின் பெயரையும் 'கவர்லெட்' (நெய்த போர்வை), 'குவில்ட்' (அடுக்குத் துணி வைத்துத் தைத்த போர்வை) மாதிரி ஒரு சொல்லையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு வேண்டுகோள், குழந்தைகளுக்குக் கொடுக்கும் தாளில் வரைந்தவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் இருக்கிறது, இரண்டு சொல்தான்.

நேரில் பார்ப்பது கொஞ்சம் கஷ்டம். வாட்டர்கலர் வெளிச்சத்தில் மங்கும், அதனால் நிரந்தரமாக மாட்டி வைப்பதில்லை. கண்காட்சி நடக்கும்போது பார்க்கலாம், இல்லாவிட்டால் தாள் ஓவியங்களைப் பார்க்கும் படிப்பறைக்கு முன்கூட்டியே எழுதி நேரம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். மேசையில் எடுத்து வைப்பார்கள், கண்ணாடிச் சட்டம் இல்லாமல்.

---

ஈரத்தூரிகை:

சொம்புக்கு: வெள்ளை பெயின்ட் வேண்டாம். பளபளக்கும் இடம் தாளின் வெள்ளைதான், அதை முதல் பூச்சிலிருந்தே தொடாமல் விட்டிருக்க வேண்டும். இந்தத் தாளில் இனி முடியாது, சுத்தமான ஈரத் தூரிகையால் அந்த இடத்தைத் தேய்த்து டிஷ்யூ வைத்து ஒற்றி எடுத்தால் கொஞ்சம் வெளுக்கும், அவ்வளவுதான். புதுத் தாளில் தொடங்குங்கள். ஜன்னல் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழும்படி சொம்பை வைத்து, மற்ற விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, ஒளி விழும் இடத்தின் ஓரத்தைப் பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள். கழுத்துக்குக் கீழே ஒரு நீளக் கோடு, விளிம்பில் ஒரு பொட்டு, பெரும்பாலும் இந்த இரண்டுதான் இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே மிக அடர்த்தியான நிறம் வர வேண்டும், பித்தளையில் வெளிச்சமும் இருட்டும் ஒட்டி ஒட்டித்தான் இருக்கும், நடுவில் படிப்படியாக மங்க வைத்தால்தான் மண்சட்டி ஆகிவிடுகிறது. புளி போட்டுத் தேய்த்துவிட்டு வரையாதீர்கள், இப்போது இருக்கிற கறையோடு வரையுங்கள்.

---

நூல்கண்டு:

தேய்க்கவில்லை. அடியில் அம்மா பெயர் வெட்டியிருக்கிறது, அதில் பாதி எழுத்து தேய்ந்துபோயிருக்கிறது. சொம்பைச் சாய்த்து வைத்து அது தெரியும்படி தொடங்குகிறேன். முடிந்ததும் இங்கே போடுகிறேன்.